செய்யாத வேலையின் களைப்பு

விளையாட்டு வளாகத்தின் பின்பக்கம், நீச்சல் குளத்துக்கும் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் நடுவே, ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை இருந்தது. பளு தூக்குகிறவர்களின் பலத்தையும், அவர்களுடைய தசை எவ்வளவு களைத்துப் போயிருக்கிறது என்பதையும் அங்கேதான் அளந்தார்கள். அளக்கிறவள் நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்த ஒரு பெண். வந்து போகும் பிள்ளைகள் அவளை அளவக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு பயிற்சியாளர்களும் வாசல் காவலாளியும்கூட அப்படியே கூப்பிட்டார்கள். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அளவக்காவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எந்த எண்ணையும் ஒரு தடவை பார்த்து நம்பமாட்டாள். முதல் தடவை வந்தது தற்செயல், மறுபடி வந்தால் சந்தேகம், மூன்றாவது தடவையும் அதுவே வந்தால்தான் எண் என்பாள். தினமும் காலையில் எடை தெரிந்த இரும்பு வட்டுகளை இயந்திரத்தில் தொங்கவிட்டு, இயந்திரம் உண்மை பேசுகிறதா என்று பார்ப்பாள். பிறகு தானே உட்கார்ந்து தன் காலையும் கையையும் அளந்துகொள்வாள். யார் வந்தாலும் அதே நேரம், அதே காலணி, அதே அளவு உடம்பைச் சூடேற்றல். இழுக்கச் சொல்லும்போது “இழு, விடாத, இழு” என்று அதே மூன்று சொல், அதே குரலில். பிடித்த பிள்ளைக்குக் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாலே எண் ஏறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால்கூட மூன்று கரண்டி குடித்துவிட்டுத்தான் இவள் வாயைத் திறப்பாள் என்று அவள் புருஷன் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பான். அவளும் சிரிப்பாள். ஆனால் மூன்று கரண்டியும் குடிப்பாள்.

அங்கே வருகிறவர்களில் குண்டூசி என்று ஒருத்தி. ஆள் மெலிசு, தலை மட்டும் கொஞ்சம் பெரிது, அதனால் வந்த பெயர். இருபது வயது இருக்கும். தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் தரையிலிருந்து தூக்குவாள். தூக்கி வைத்துவிட்டு, பால் பாக்கெட்டை எடுத்து வைத்தவள் மாதிரி விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடருவாள். வாய் ஓயாது. அளவக்காவுக்கு அவளைப் பிடிக்கும். அது குரலில் தெரிந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

பெரிய போட்டிக்கு ஆள் எடுக்கும் தேர்வு ஒரு சனிக்கிழமை நடந்தது. குண்டூசி அன்றைக்குத் தன் வாழ்நாளிலேயே அதிகமான பளுவைத் தூக்கினாள். அவளுடைய கோச்சுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. காவலாளியைக் கட்டிப்பிடித்து, அவர் தொப்பியைக் கீழே தள்ளிவிட்டார்.

அடுத்த திங்கட்கிழமை மாலை நாலு மணிக்கு, வழக்கம்போல் அவளை அளந்தார்கள். தரையில் பதித்த பலகைமேல் நின்று, எவ்வளவு இழுத்தாலும் நகராத கம்பியை மேலே இழுக்க வேண்டும். எவ்வளவு விசை என்று பலகை சொல்லும். குண்டூசி இழுத்தாள். எண் கால்வாசிக்கு மேல் இறங்கியிருந்தது. அளவக்கா கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டு மறுபடி எடுத்தாள். அதே எண். மூன்றாவது தடவையும் அதுவே.

போட்டி முடிந்த அசதி என்று முதலில் நினைத்தார்கள். இரண்டு நாளில் தெளிய வேண்டியது, வாரம் முடிந்தும் தெளியவில்லை. சனிக்கிழமையன்றும் கொடியில் காயப்போட்ட துணி மாதிரி வந்து நின்றாள். கைப்பிடியின் பலத்தை அளக்கும் பிடிமானியைக் கொடுத்து அழுத்தச் சொன்னபோது இன்னொன்றும் தெரிந்தது. வலது கையைவிட இடது கைதான் அதிகம் ஓய்ந்திருந்தது. அவளோ வலதுகைக்காரி.

“மெஷினப் பாருங்க” என்றார் கோச். அளவக்கா வட்டுகளைத் தொங்கவிட்டுக் காட்டினாள். இயந்திரத்தின்மேல் பிழை இல்லை. அப்படியானால் பெண் நடிக்கிறாள், தேர்வாகிவிட்டோம் என்று மெத்தனம் வந்துவிட்டது என்று அவர் குதித்தார். அதற்கும் அளவக்காவிடம் ஒரு வழி இருந்தது. முழு மூச்சாக இழுக்கும் நேரத்தில் தொடைத் தசைக்கு வெளியிலிருந்து ஒரு சின்ன மின் துடிப்புக் கொடுத்துப் பார்ப்பார்கள். ஆள் வேண்டுமென்றே குறைத்து இழுத்தால், தசையில் மிச்சம் வைத்த பலம் அந்தத் துடிப்பில் எகிறி வெளியே வந்துவிடும். குண்டூசிக்கு எதுவும் எகிறவில்லை. மிச்சம் வைக்க அவளிடம் ஒன்றும் இல்லை. தசை உண்மையிலேயே வேலை செய்து ஓய்ந்திருந்தது.

நமக்குத் தெரியாமல் வேறு எங்கேயோ போய்த் தூக்குகிறாள் என்று கோச் முடிவு கட்டினார். அவள் தன் அப்பா தலைமேல் அடித்துச் சத்தியம் செய்தும் கேட்கவில்லை. மறுநாளே வளாகத்து விடுதியில் அவளைத் தங்கவைத்து, விடுதிக் காப்பாளர் அம்மாளின் கண் பார்வையில் ஒரு வாரம் பளுவே தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். அந்த அம்மாள் கண்ணில் ஈ எறும்பு தப்பாது. ஒரு வாரம் குண்டூசி சாப்பிட்டாள், தூங்கினாள், பழைய பத்திரிகைகளைப் படித்தாள், அம்மாளின் தலையில் நரைமுடி பிடுங்கினாள். நாலு மணிக்கு வந்து கம்பியைப் பிடித்தால் அதே ஓய்ந்த எண்.

நேரம் மாற்றி அளக்க நேர்ந்தது தற்செயலாகத்தான். ஒரு நாள் மாலையில் அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று அவளைக் காலையில் வரச் சொன்னாள் அளவக்கா. குண்டூசி இழுத்தாள். எண் தேர்வுக்கு முன்பிருந்த அளவுக்கே ஏறி நின்றது. மூன்று தடவை எடுத்தும் மாறவில்லை. வெள்ளையடிப்பவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டு, மாலையில் மறுபடி கூப்பிட்டாள். ஓய்ந்த எண். நடுவில் என்ன செய்தாய் என்று கேட்டதற்கு, காப்பாளர் அம்மாளே கூட வந்து பதில் சொன்னாள். மதியம் சாப்பிட்டதிலிருந்து பெண் என் எதிரில் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே வேர்த்தாள், மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்தேன் என்றாள்.

வழக்கமாக மூடிக்கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையும் அறையைத் திறந்து அளந்தாள். அன்று மட்டும் காலையும் மாலையும் ஒரே எண், முழு எண். திங்கட்கிழமை மதியம் தாண்டியதும் மறுபடி இறங்கியது. அடுத்த வாரமும் அப்படியே நடந்தது. வாழ்நாள் முழுக்க அளவக்கா தேடியது இதைத்தான், திரும்பத் திரும்ப மாறாமல் வருகிற எண்ணை. இப்போது அது வந்தபோது அதை நம்ப அவள் விரும்பவில்லை. பிழை என்று தள்ளிவிட ஒரு சின்ன ஓட்டையாவது கிடைக்காதா என்று பார்த்தாள். கிடைக்கவில்லை.

ஒரு வேலை நாளில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் குண்டூசியை அறைக்கு அழைத்து மேசைமேல் படுக்கவைத்தாள். முன்னங்கையிலும் தோளிலும் கெண்டைக்காலிலும் சின்ன வட்ட வில்லைகளை ஒட்டினாள். தசைக்குள் ஓடும் மின்சாரத்தை அவை திரையில் கோடாக வரைந்து காட்டும். ஆள் சும்மா படுத்திருந்தால் கோடு நேராக ஓடும். குண்டூசி சும்மாதான் படுத்திருந்தாள். வாய்கூடப் பேசவில்லை. சுவர்க் கடிகாரம் இரண்டைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் இடது முன்னங்கைக் கோடு ஒரு தரம் துள்ளி அடங்கியது. உடனே வலது கெண்டைக்கால் துள்ளியது. பிறகு இரண்டு கோடும் நேராயின. மறுபடி இடது கை, உடனே வலது கால். யாரோ ஒரு வேலைக்கு உட்கார்ந்து முதலில் மெதுவாக, பிறகு கை பழகி, ஒரே சீராகச் செய்வது போல இருந்தது அது.

அளவக்கா குனிந்து கையைப் பார்த்தாள். கை அசையவில்லை. தொட்டுப் பார்த்தாள். தோலுக்கு அடியில் தசை கல்லாக இறுகி, தளர்ந்து, இறுகியது.

“வலிக்குதாம்மா?”

“வலி இல்லக்கா. யாரோ என் கைய எரவல் வாங்கிட்டுப் போன மாதிரி இருக்கு” என்றாள் குண்டூசி.

அந்தக் குரலில் அவளுடைய வழக்கமான விளையாட்டு இல்லை. இவ்வளவு நாளாக இது தெரியுமா என்று அளவக்கா கேட்டாள். தெரியும் என்றாள். சொன்னால் பைத்தியம் என்று அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தாளாம்.

அளவக்கா அவளை எழுப்பி நாற்காலியில் உட்காரவைத்தாள். கண்ணை மூடிக்கொள், கையும் காலும் எங்கே போக நினைக்கிறதோ போகட்டும், பிடித்து வைக்காதே என்றாள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இடது கை மெல்ல எழுந்து பக்கவாட்டில் போய், காற்றிலிருந்து எதையோ இரண்டு விரலால் எடுத்தது. முன்னால் நீட்டி, எங்கேயோ கவனமாக வைத்தது. வைத்ததும் சட்டென்று பின்னால் வந்தது. அது வந்த கையோடு வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. எடுத்தல், வைத்தல், இழுத்துக்கொள்ளல், மிதி. மறுபடி எடுத்தல்.

கை பின்னால் வரும் அந்த வேகத்தைப் பார்த்ததும் அளவக்காவுக்கு விளங்கிவிட்டது. அவளுடைய சித்தப்பா ஒருவர் தகடு வெட்டும் பட்டறையில் வேலை பார்த்தவர். வலது கையில் இரண்டு விரல் கிடையாது. கை வெளியே வரும் முன் கால் மிதித்துவிட்டால் அவ்வளவுதான் என்று அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நடித்துக் காட்டியிருக்கிறார். இது மிதிக்கட்டை வைத்த பிரஸ் மெஷின் வேலை. சித்தப்பா வலது கையால் செய்ததை இங்கே இடது கை செய்துகொண்டிருந்தது.

“உங்க வீட்டுல யாராவது இடதுகைக்காரங்க இருக்காங்களா?” என்று கேட்டாள்.

குண்டூசி கண்ணைத் திறந்தாள். கை மட்டும் நிற்கவில்லை.

“என் தம்பி” என்றாள். “தம்பின்னா, ரெண்டு பேரும் ஒண்ணாப் பொறந்தோம். அவன் எனக்குப் பின்னால வந்தவன்.”

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. இரண்டு பேரும் சேர்ந்துதான் பளு தூக்கப் பழகினார்கள். லாரி ஓட்டும் அப்பாவால் இரண்டு வயிற்றுக்கும் அந்தச் சாப்பாட்டைப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. ஒரு நாள் சாப்பிடும்போது, ஒருத்தர் தூக்கினால் போதும், இன்னொருத்தர் எதாவது பிழைப்பைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார். தம்பி தட்டில் இருந்த முட்டையை எடுத்து அக்கா தட்டில் வைத்தான். அப்பாவுக்கு அது எகத்தாளமாகப் பட்டது. கைநீட்டிவிட்டார். அவன் அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு போனவன்தான், ஒரு வருஷம் ஆகப் போகிறது. பசித்தால் தானாக வருவான் என்று அப்பா வீறாப்பாக இருந்தார். பட்டறை ஒன்றில் சேர்ந்திருப்பதாக ஒரே ஒரு தடவை யாருடைய போனிலிருந்தோ பேசினானாம். எந்தப் பட்டறை என்று சொல்லவில்லை.

“ரொம்பக் கஷ்டப்படுறான் போலருக்குக்கா. அவன் படுற பாடு எனக்குத் தெரியுது. போய்க் கூட்டிட்டு வந்துடணும்” என்றாள் குண்டூசி. அவள் முகத்தில் பயத்தைவிட ஆசைதான் அதிகம் தெரிந்தது. ஒரு வருஷம் கழித்துத் தம்பி இருக்கும் திசை தெரிந்திருக்கிறது.

அளவக்கா கோச்சிடம் வைத்தியரைப் பார்க்கப் போகிறோம் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவளோடு கிளம்பினாள். ஊரின் ஓரத்தில், லாரிகளைப் பழுது பார்க்கும் தெருக்களுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட பட்டறைகள் வரிசையாக இருந்தன. செல்போனில் இருந்த படத்தைக் காட்டிக் காட்டி ஒவ்வொன்றாக ஏறி இறங்கினார்கள். பல இடத்தில் உதட்டைப் பிதுக்கினார்கள். டப்பாக்களுக்கு மூடி அடிக்கும் ஒரு பட்டறையில் மட்டும் மேஸ்திரி படத்தைக் கையில் வாங்கியவர், அதைச் சரியாகப் பார்க்காமலே திருப்பிக் கொடுத்தார். அப்படி யாரும் இங்கே இல்லை என்றார். படத்தைப் பார்க்காமலே எப்படிச் சொல்கிறீர்கள் என்று அளவக்கா கேட்க வாயெடுத்த நேரத்தில் மின்சாரம் போய்விட்டது.

எல்லா இயந்திரமும் ஒரே மூச்சில் நின்றன. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. ஆட்கள் எழுந்து சொல்லிவைத்த மாதிரி வெளியே போனார்கள். டீ குடிக்கப் போகிற நடை அல்ல அது. ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு போனார்கள். மேஸ்திரியும் போனார். மூடிகளை எண்ணிப் பெட்டியில் அடுக்கும் ஒரு பெண்மணி மட்டும், மடியில் கிடந்த தகரத்தை உதறிவிட்டு எழ நேரமானதால் பின்தங்கினாள்.

அந்த அமைதியில் கடைசி மூலையிலிருந்து சத்தம் கேட்டது. டக். கொஞ்சம் இடைவெளி. டக்.

அளவக்கா குண்டூசியைப் பார்த்தாள். ஒவ்வொரு சத்தத்துக்கும் சற்று முன்னால் அவள் இடது விரல்கள் குவிந்தன. சத்தத்தோடு வலது பாதம் செருப்புக்குள் அழுந்தியது.

“வெளிய வந்துடுங்கம்மா. கரண்ட் போனாத்தான் இது காதுல விழும். மத்த நேரம் எல்லா மெஷின் சத்தத்தோட போயிடும்” என்றாள் அந்தப் பெண்மணி.

“யாரு அங்க?” என்று கேட்டாள் குண்டூசி.

அந்தப் பெண்மணி அவள் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் கை தானாக வாய்க்குப் போனது. “நீ அவன் கூடப் பொறந்தவளா? மூக்கும் கண்ணும் அப்படியே இருக்கே” என்றாள்.

இங்கே அவனை நொட்டாங்கை என்றுதான் கூப்பிட்டார்களாம். இடது கையால் வேலை செய்ததால் அந்த மூலை மெஷினை அவனுக்காகத் திருப்பிப் போட்டிருந்தார்கள். மதிய ஷிஃப்ட். வாயில்லாத பையன். யாருக்கோ பளு தூக்கும் ஷூ வாங்க வேண்டும் என்று கூடுதல் நேரமும் உட்காருவான். ஒரு சனிக்கிழமை, கூடப் பிறந்தவளுக்குப் போட்டி இருக்கிறது, தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அரை நாள் விடுப்புக் கேட்டான். மேஸ்திரி விடவில்லை. அன்று மதியம் மெஷினில் மின்சாரம் கசிந்து அவனை அடித்தது. விலாசம் தெரியாது, பெயர்கூடச் சரியாகத் தெரியாது என்று சொல்லி முதலாளி மறுநாளே இடுகாட்டில் புதைக்கவைத்துவிட்டார். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று எல்லோரையும் அடக்கிவைத்திருந்தார்கள். மெஷினின் வயரைப் பிடுங்கிவிட்டு மேலே சாக்கைப் போட்டு மூடினார்கள். திங்கட்கிழமை மதியம் ஷிஃப்ட் மணி அடித்ததும் சாக்குக்குக் கீழே மிதிக்கட்டை இறங்கியது.

குண்டூசி அழவில்லை. அவள் கேட்டுக்கொண்டு நின்ற விதத்தைப் பார்த்து, பிடித்துக்கொள்ளலாம் என்று அளவக்கா கையை நீட்டினாள். அதற்குள் அவள் மூலைக்குப் போய்விட்டாள்.

சாக்கை இழுத்துக் கீழே போட்டாள். மேலே வயர் துண்டாகத் தொங்கியது. முன்னால் ஒரு முக்காலி காலியாக இருந்தது. கீழே, தேய்ந்து பளபளத்த இரும்பு மிதிக்கட்டை, யாரும் தொடாமல் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது. குண்டூசி தரையில் குந்தி உட்கார்ந்து, அது மேலே வந்த நேரத்தில் இரண்டு கையையும் அடியில் கொடுத்துத் தாங்கிப் பிடித்தாள்.

மிதிக்கட்டை இறங்கப் பார்த்தது. அவள் விடவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, தோள் நடுங்கியது. தேர்வு நாளில் கடைசிப் பளுவை இடுப்புக்கு மேல் ஏற்றும்போதுகூட அளவக்கா அவளை இப்படிப் பார்த்ததில்லை. பயத்தை விழுங்கிக்கொண்டு அளவக்காவும் பக்கத்தில் மண்டியிட்டு, மிதிக்கட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். இரும்பு ஜில்லென்று இருக்கும் என்று நினைத்தாள். பாதம் படுகிற இடத்தில் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. கையை எடுக்காமல் இருக்க அவள் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“டேய்” என்றாள் குண்டூசி. மூச்சு வாங்கியது. “நான்தான்டா. நான் அன்னிக்கு நல்லாத் தூக்கினேன். தேறிட்டேன். போதும்டா, ஷிஃப்ட் முடிஞ்சுது.”

மிதிக்கட்டை இன்னும் அழுத்தியது.

“எனக்கு ஷூ ஒண்ணும் வேணாம். எழுந்துக்கோ. எவ்வளவு நேரம் ஒக்காந்தே இருப்ப? எனக்குக் கை வலிக்குதுடா.”

கை வலிக்கிறது என்று சொன்னதும் அழுத்தம் நின்றது. சின்ன வயதில் விளையாட்டில் அவள் அப்படிச் சொன்னால் அவன் உடனே விட்டுவிடுவானாம். அதை அவள் வெகு நாள் கழித்துத்தான் அளவக்காவிடம் சொன்னாள். அப்போது மிதிக்கட்டை அவள் கைமேல் லேசாகி, மேலே போய், அங்கேயே நின்றுவிட்டது. முக்காலியின் ஒரு கால் சிமெண்டுத் தரையில் கீச்சென்று உரசி, கொஞ்சம் பின்னால் நகர்ந்தது. யாரோ உட்கார்ந்து உட்கார்ந்து மரத்துப்போய், தடுமாறி எழுந்த மாதிரி.

மின்சாரம் வந்தபோது ஆட்கள் வாசலிலேயே கூடி நின்றார்கள். ஒருவரும் மெஷின் பக்கம் வரவில்லை. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு, இடுகாட்டில் எந்த இடம் என்று தானாகவே சொன்னார்.

அன்று சாயங்காலம் லாரியை நடுவழியில் நிறுத்திவிட்டு அவள் அப்பா வந்தார். புதைத்த இடத்தில் அடையாளத்துக்கு ஒரு கல்கூட இல்லை. கிளறிய மண் கொஞ்சம் அமுங்கியிருந்தது, அவ்வளவுதான். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து மண்மேல் கிடந்த சருகுகளை ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். புகார் கொடுத்தார்கள். மூடி அடுக்கும் பெண்மணி வேலையைப் பற்றிக் கவலைப்படாமல் வந்து சாட்சி சொன்னாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். போலீஸ்காரர்கள் முதலாளியைக் கூட்டிக்கொண்டு போனார்கள், பட்டறையைப் பூட்டினார்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. குண்டூசியின் அம்மா வெகு நாள் வரைக்கும் சாப்பாட்டு நேரத்தில் அடுக்களையைவிட்டு வெளியே வரவில்லை.

குண்டூசி துக்கம் முடிந்து வளாகத்துக்கு வந்ததும் கோச்தான் முதலில் எதிரில் வந்தார். பலமெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு, மூக்கைச் சிந்தப் போகிறவர் போல வெளியே போய்விட்டார். ஆனால் அவளே நாலு மணிக்கு அந்த நீள அறைக்கு வந்தாள். உடம்பைச் சூடேற்றிக்கொண்டு பலகைமேல் ஏறி நின்றாள்.

அளவக்கா சொல்ல வேண்டிய மூன்று சொல்லையும் சொன்னாள். குண்டூசி இழுத்தாள். முழு எண் வந்தது.

“இன்னொரு தடவ எடுங்கக்கா.”

எடுத்தாள். அதே எண். மூன்றாவதும் கேட்டாள், எடுத்தாள், அதுவும் அப்படியே இருந்தது. இன்னொன்று எடுக்கலாமா என்றாள் குண்டூசி. நாலாவது எடுத்துப் பழக்கமில்லாத அளவக்கா அதையும் எடுத்தாள். அதுவும் மாறவில்லை. பிடிமானியில் இடது கை, வலது கையைவிடக் கொஞ்சம் குறைவாக, வலதுகைக்காரி ஒருத்திக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. குண்டூசி எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல எண்ணைப் பார்க்கும் முகம் இல்லை அது.

பிறகு அவளே மேசையில் ஏறிப் படுத்து இடது சட்டைக்கையைச் சுருட்டிவிட்டாள். அளவக்கா கையில் வில்லைகளை ஒட்டினாள், தோளிலும் கெண்டைக்காலிலும் ஒட்டினாள், திரையை அவள் பக்கம் திருப்பிவைத்தாள். கோடு நேராக ஓடியது. எங்கும் துள்ளவில்லை.

“கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டுமாக்கா?”

“இரும்மா.”

அடுத்து அளக்க வேண்டிய பையன் கதவைத் தட்டினான். அளவக்கா எழுந்து போய், இன்றைக்கு நேரமாகும், நாளைக்கு வா என்று மெதுவாகச் சொல்லி அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள். திரும்பி வந்தபோது குண்டூசி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். அவள் அழுகிற குலுங்கல் மட்டும் தோளின் கோட்டில் லேசாக ஏறி இறங்கியது. கையின் கோடு நேராகவே போய்க்கொண்டிருந்தது.